எல்லாம் லில்லிதானாம்!

ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம். அந்த இரண்டும் பேக்கிங்குக்கு. ஆன்லைனில் வாங்கிய ஏழு கிழங்கும் தேங்காய் நாரில் பொதிந்து, ஒரு அழுகல்கூட இல்லாமல் வந்தன.

கேட்டது ஸ்பைடர் லில்லி நாலு, அமரில்லிஸ் மூணு. பட்டை பட்டையாக இலை விடும் செடிகளுக்குச் சின்ன வயதில் ஒரே முகஜாடை, அதனால் சந்தேகமே வரவில்லை. எட்டு மாதத்தில் ஸ்பைடர் லில்லி பத்து அங்குலத் தொட்டியைப் பிதுக்க ஆரம்பித்தபோதுதான் குனிந்து அடியைப் பார்த்தேன். இலைகளின் அடிப்பாகம் ஒன்றையொன்று சுற்றி, வாழைக்கன்று மாதிரி தடித்த தண்டாக நிற்கிறது. ஸ்பைடர் லில்லி என்றதும் நான் நினைத்து வாங்கிய ஹைமனோகாலிஸ் என்ற செடிக்கு இவ்வளவு பெரிய தண்டு வராது. வந்திருந்தது கிரைனம், அதாவது விஷமூங்கில்.

பூத்ததும் மிச்சச் சந்தேகமும் போனது. ஹைமனோகாலிஸில் மகரந்தக் கம்பிகளின் அடியை ஒரு வெள்ளைச் சவ்வு இணைத்துக் கிண்ணமாக்கியிருக்கும், வாத்தின் கால்விரல்களுக்கு நடுவே இருக்குமே, அப்படி. என் பூவில் சவ்வே இல்லை. செந்நீலக் கம்பிகள் ஆறும் தனித்தனி.

போன் செய்தால், "ரெண்டையுமே ஸ்பைடர் லில்லின்னுதான் மேடம் சொல்வாங்க" என்றார்கள். பொய்யில்லை. அதனால்தானே தாவரவியல் பெயரையும் போடச் சொல்கிறேன்!

அமரில்லிஸ் கதையும் அதேதான். பூ முடிந்த காம்பை நறுக்கினேன். பப்பாளி இலைக்காம்பு மாதிரி உள்ளே வெறும் குழல். அப்படியென்றால் அது தென் அமெரிக்க ஹிப்பியாஸ்ட்ரம். தென் ஆப்பிரிக்காவின் அசல் அமரில்லிஸுக்குக் காம்பு கெட்டி, பூக்கும்போது இலையும் இருக்காது. 1987-ல் பெர்லின் தாவரவியல் மாநாட்டிலேயே அமரில்லிஸ் என்ற பெயர் ஆப்பிரிக்கச் செடிக்குத்தான் என்று தீர்த்துவிட்டார்கள். உலகம் முழுக்க ஹிப்பியாஸ்ட்ரத்தை இந்தப் பெயரில்தான் விற்கிறார்கள் என்பதால் இதற்கு நட்சத்திரம் குறைக்கவில்லை.

குறைத்தது இன்னொன்றுக்கு. இந்தக் கிழங்குகளெல்லாம் பார்க்க வெங்காயம் மாதிரி, உள்ளே லைக்கோரின் என்ற நஞ்சு. தின்றால் வாந்திதான். கூட வந்த சீட்டில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை.

கிரைனத்தைத் தொட்டியை உடைத்துத்தான் எடுக்க முடிந்தது. இப்போது தரையில் இருக்கிறது, ராத்திரி வாசனை பிரமாதம். ஹைமனோகாலிஸை வேறு இடத்தில் தேடிக்கொண்டிருக்கிறேன்.