கிண்டியா, ஐஐடியா, அமெரிக்காவா: 189-ஐக் கையில் வைத்துக்கொண்டு ஓர் அலசல்

காரைக்குடியில் சின்னதாக ஒரு நெட் சென்டர் வைத்திருக்கிறேன். மே மாதம் பிறந்தால் ஜெராக்ஸ் மெஷினுக்கு ஓய்வே கிடையாது. விண்ணப்பம் போட வருகிறவர்கள் எல்லாரும் கேட்பது ஒரே கேள்விதான்: "அண்ணே, இந்த மார்க்குக்கு எங்க கிடைக்கும்?" பிறத்தியார் பிள்ளைகளுக்குச் சட்டென்று பதில் சொல்லிப் பழகியவன் நான். இந்த வருஷம் அக்கா மகளே காலாண்டு மார்க் பட்டியலோடு வந்து நிற்கவும் கொஞ்சம் நிதானமாக உட்கார்ந்து கணக்குப் போட வேண்டியதாயிற்று.

அவள் ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளி, தமிழ் மீடியம். கணக்கில் 96, இயற்பியலில் 92, வேதியியலில் 94. ஒப்பிட்டுப் பார்க்க எதிர் வீட்டுப் பையனையும் சேர்த்துக்கொண்டேன். சிபிஎஸ்இ. ஒன்பதாம் வகுப்பிலிருந்தே ஐஐடி நுழைவுத் தேர்வான ஜேஇஇ-க்குக் கோச்சிங். இப்போது திருச்சியில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறான். இரண்டு பேருமே கெட்டிக்காரர்கள்தான். ஆனால் இவனுக்குத் திறக்கிற கதவு அவளுக்குத் திறக்காது, அவளுக்குத் திறப்பது இவனுக்குத் திறக்காது.

முதலில் டிஎன்இஏ, அதாவது தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரிகளுக்கான கவுன்சிலிங். அண்ணா பல்கலைக்கழகமும் இதில்தான். 2007-இல் நுழைவுத் தேர்வை எடுத்த பிறகு பிளஸ் டூ மார்க் மட்டும்தான் பேசும். கணக்கு நூற்றுக்கு அப்படியே, இயற்பியலும் வேதியியலும் பாதிப் பாதி. அக்கா மகளுக்கு 96, 46, 47. கூட்டினால் 189, இதுதான் கட்ஆஃப். இரண்டு பேருக்கு ஒரே கட்ஆஃப் வந்தால் கணக்கு மார்க், இயற்பியல் மார்க் என்று வரிசையாகப் பார்த்து, பிறந்த தேதியும் பார்த்து, அதற்கும் தீராவிட்டால் ரேண்டம் நம்பர். 2024-இல் ரேங்க் பட்டியலில் ஏறக்குறைய 2 லட்சம் பேர் இருந்தார்கள். உச்சியில் ஒவ்வொரு அரை மார்க்கிலும் கூட்டம் நெரிகிறது. பொதுப் போட்டியில் 189-ஐ வைத்துக்கொண்டு அண்ணா பல்கலைக்கழகத்தின் கிண்டி பொறியியல் கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் கேட்பது, முகூர்த்த நாளில் பிள்ளையார்பட்டிக்குப் போய் முன்வரிசையில் இடம் கேட்பது மாதிரி.

ஆனால் ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு. 2020-இல் மருத்துவத்துக்கு வந்தது, 2021-இல் பொறியியலுக்கும் வந்தது. அந்தப் பட்டியல் தனி. அங்கே அதே 189 எத்தனையோ படி மேலே நிற்கும். கல்விக் கட்டணம், ஹாஸ்டல் கட்டணம் எல்லாம் அரசே கட்டும். எதிர் வீட்டுப் பையன் 199 எடுத்தாலும் இந்தப் பக்கம் வர முடியாது. இன்னொன்று, அரசு உதவி பெறும் பள்ளி இந்தக் கணக்கில் வராது. "அதுவும் கவர்மென்ட் ஸ்கூல்தானேங்க" என்று நம்பி வந்து, என் கடை ஸ்டூலிலேயே முகம் வாடிப் போன பெற்றோரை நிறையப் பார்த்திருக்கிறேன்.

கிண்டி கிடைக்கவில்லையா? பக்கத்திலேயே ஏசி டெக் என்கிற அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி இருக்கிறது. நம் ஊர் அழகப்பச் செட்டியார் கொடுத்த நிதியில் 1944-இல் ஆரம்பித்தது. கெமிக்கல், டெக்ஸ்டைல், லெதர் பக்கம் மனசு இருந்தால் அது கிண்டிக்கு எந்த விதத்திலும் குறைந்ததில்லை. குரோம்பேட்டை எம்ஐடியும் அதே பல்கலைக்கழகத்தின் கேம்பஸ்தான். காரைக்குடியிலேயே 1952-இல் ஆரம்பித்த அரசு பொறியியல் கல்லூரி இருக்கிறது. இத்தனை இருந்தும் சென்னைக்குப் பல்லவனில் ஏறினால்தான் படிப்பு என்று நம் ஆட்களுக்கு ஒரு எண்ணம்.

அடுத்தது ஐஐடி. கதவு குறுகல், அதையும் ஜேஇஇ மெயின், அட்வான்ஸ்டு என்று இரண்டு தரம் தாண்ட வேண்டும். 2024-இல் ஜேஇஇ மெயின் எழுதியவர்கள் சுமார் 14 லட்சம். அதிலிருந்து அட்வான்ஸ்டு எழுதத் தகுதி இரண்டரை லட்சம் பேருக்கு. எழுதியவர்கள் 1.8 லட்சம், தேறியவர்கள் 48 ஆயிரத்துச் சொச்சம், எல்லா ஐஐடிக்கும் சேர்த்து இடம் 17,740. நூறு பேர் மெயின் எழுதினால் உள்ளே போவது ஒருவர் அல்லது இருவர். இந்தக் கணக்கைச் சொன்னதும் அக்கா, "அப்ப விட்டுரு" என்றாள். விடக் கூடாது. அந்த நூறு பேரில் இரண்டு வருஷம் இதற்கென்றே படித்தவர்கள் எத்தனை பேர், சும்மா எழுதிப் பார்ப்போம் என்று வந்தவர்கள் எத்தனை பேர் என்று அந்தச் சதவீதம் சொல்லாது. எதிர் வீட்டுப் பையனுடைய வாய்ப்பு ஒன்றே கால் சதவீதம் இல்லை, அதைவிடக் கூடுதல். அக்கா மகளுடையது, உள்ளதைச் சொன்னால், அதற்கும் கீழே.

காரணம் மூளை இல்லை. மெயின் தாளை 2021-லிருந்து தமிழிலேயே எழுதலாம். அட்வான்ஸ்டு தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும்தான். மெக்கானிக்ஸ் கணக்கைத் தமிழில் தலைகீழாகப் போடுகிற பிள்ளை, அங்கே கேள்வி என்ன கேட்கிறது என்று புரிந்துகொள்ளவே நேரத்தைக் கரைக்க வேண்டும். இது இல்லாமல் பாடத்திட்டத்துக்கு வெளியே பழக வேண்டிய பயிற்சி வேறு. பெண்களுக்கென்று 2018-லிருந்து ஐஐடிகளில் கூடுதல் இடங்கள் வைத்திருக்கிறார்கள். அது அவளுக்குக் கொஞ்சம் தெம்பு.

சான்றிதழ் விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், வருஷா வருஷம் இதில்தான் தடுக்கி விழுகிறார்கள். நம்மிடம் இருக்கும் பிசி சான்றிதழ் மாநிலத்துக்கு மட்டும். ஐஐடிக்கு மத்திய அரசுப் படிவத்தில் ஓபிசி என்சிஎல் (கிரீமி லேயர் அல்லாதவர்) சான்றிதழ் வேண்டும், அதுவும் அந்த வருஷம் ஏப்ரல் 1-க்குப் பிறகு வாங்கியதாக இருக்க வேண்டும். 2024-இல் அட்வான்ஸ்டு எழுதப் பொதுப் பிரிவுக்கு 93.2 பர்சன்டைல் தேவைப்பட்டது, ஓபிசிக்கு 79.7. ஒரு காகிதத்துக்கு அவ்வளவு தூரம். ஒரு தடவை நானே பழைய தேதியிட்டதை ஸ்கேன் பண்ணி ஏற்றிவிட்டு, ராத்திரியோடு ராத்திரியாக அந்தப் பையன் வீட்டுக் கதவைத் தட்டினேன். அந்த வீட்டில் இப்போதும் என்னைக் கண்டால் தேதியைத்தான் கேட்பார்கள்.

எதிர் வீட்டுப் பையனுக்கு ஐஐடி தவறினாலும் திருச்சி என்ஐடி இருக்கிறது. மெயின் ரேங்க் போதும், பாதி இடம் நம் மாநிலத்துக்கு. அவன் வீட்டில் ஐஐடி ஐஐடி என்று பேசிக்கொண்டிருந்தாலும், என்னைக் கேட்டால் அவனுக்கு நியாயமான குறி அதுதான். பயம் ஒன்றே ஒன்று. கோச்சிங் மும்முரத்தில் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சையைக் கோட்டை விட்டுவிடக் கூடாது. 75 சதவீதமாவது வேண்டும், இல்லையென்றால் அவர்கள் போர்டில் முதல் 20 சதவீதத்துக்குள் வர வேண்டும்.

அப்புறம் அமெரிக்கா. அக்கா மகள் எம்ஐடி என்றதும் அக்கா, "குரோம்பேட்டைதானே, பக்கம்தான்" என்றாள். இவள் சொன்னது மாசசூசெட்ஸ். சிரித்துவிட்டு, சரி, அதையும் பார்ப்போம் என்று உட்கார்ந்தேன். ஹார்வர்டில் ஒரு வருஷத்துக்கு 54,008 பேர் விண்ணப்பித்து 1,937 பேருக்கு இடம் கொடுத்திருக்கிறார்கள். நூற்றுக்கு மூன்றரை. ஐஐடி எண்ணைவிடப் பெரிதாகத் தெரிகிறதே என்று ஏமாறக் கூடாது. அங்கே வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குத் தனியாகப் பார்த்தால் இதைவிட நெருக்கடி.

ஆனால் அவர்கள் நிறுத்துப் பார்க்கும் தராசே வேறு. பல கல்லூரிகள் ஏற்கிற பொது விண்ணப்பத்தில் ஒன்பதாம் வகுப்பிலிருந்து மார்க், ஆசிரியர்களின் கடிதம், 650 வார்த்தைக்குள் ஒரு கட்டுரை, பள்ளிக்கு வெளியே செய்த பத்து வேலைகள். ஒவ்வொரு வேலையையும் 150 எழுத்துக்குள் சொல்ல வேண்டும். அக்கா பலகாரம் போட்டு விற்கிறாள். மணகோலம், சீப்புச் சீடை, தேன்குழல், அதிரசம். ஆர்டர் நோட்டு இந்தப் பெண்ணிடம்தான். நீளக் கோடு போட்ட நோட்டு, அட்டையில் எண்ணெய்க் கறை. எந்த வீட்டுக்கு எத்தனை கிலோ, அரிசி என்ன விலைக்கு வாங்கியது, சிங்கப்பூர் போகிறவர் பெட்டியில் எத்தனை பாக்கெட் போனது எல்லாம் அதில் இருக்கிறது. ஒவ்வொரு மாசக் கடைசியிலும் லாபத்துக்குச் சிவப்பு மையில் ஒரு வட்டம். கவுன்சிலிங்கில் அந்த நோட்டுக்கு மதிப்பு பூஜ்யம், ஐஐடியிலும் பூஜ்யம். அந்த அமெரிக்கப் பொது விண்ணப்பத்தில் குடும்பப் பொறுப்பு என்றே ஒரு பிரிவு இருக்கிறது. அங்கே அது முதல் வரியில் எழுத வேண்டிய விஷயம்.

பணம்? ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், எம்ஐடி, ஆம்ஹர்ஸ்ட் மாதிரிச் சில இடங்களில் வெளிநாட்டு மாணவருக்கும் வீட்டு வசதியைப் பார்க்காமல் இடம் கொடுத்து, முடியாத தொகையை அவர்களே ஏற்கிறார்கள். பிற பல்கலைக்கழகங்கள் பலவற்றில் உதவி கேட்டாலே வாய்ப்பு குறையும். எதிர் வீட்டுப் பையனிடம் மார்க்கும் பணமும் இருக்கிறது, எழுத வெளிவேலை ஒன்றுகூட இல்லை. கோச்சிங் அத்தனையையும் விழுங்கிவிட்டது. அவளிடம் நோட்டு இருக்கிறது, ஆனால் எம்ஐடிக்குக் கட்டாயமான எஸ்ஏடி தேர்வு எழுதவில்லை, ஆங்கிலக் கட்டுரைக்குப் பழக்கமில்லை, ஜனவரி முதல் வாரத்துக்குள் எல்லாம் முடிய வேண்டும். பத்தாம் வகுப்பிலேயே யாராவது சொல்லியிருந்தால் நான் இதற்கு ஓட்டுப் போட்டிருப்பேன். இந்த வருஷத்துக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவளுக்கு முகம் சுருங்கியது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அறிவியல் ஆராய்ச்சி பிடித்தால் ஐசர் என்கிற மத்திய அரசுக் கல்வி நிறுவனங்கள், அதற்கு ஐஏடி என்று தனித் தேர்வு. சிறுசேரி சென்னை மேத்தமேட்டிக்கல் இன்ஸ்டிடியூட் கணக்குப் பைத்தியங்களுக்கு மட்டும். சென்னை ஐஐடியின் டேட்டா சயின்ஸ் பிஎஸ் படிப்புக்கு ஜேஇஇ வேண்டாம், நாலு வாரப் பாடம் படித்து ஒரு தகுதித் தேர்வு தேறினால் போதும். வேறு கல்லூரியில் படித்துக்கொண்டே அதையும் படிக்கலாம்.

எல்லாரும் மறக்கிற ஒன்று நம் ஊர் செக்ரி. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்ச ரூபாயும் கொடுத்து வந்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சிக் கழகம். அங்கேயே கெமிக்கல், எலக்ட்ரோகெமிக்கல் சேர்த்து ஒரு பிடெக் இருக்கிறது, அதே டிஎன்இஏ கவுன்சிலிங் வழியாகவே சேரலாம். பேட்டரி ஆராய்ச்சி நடக்கிற வளாகத்துக்குள்ளேயே படிப்பு. காலேஜ் ரோட்டில் தினமும் போய் வருகிற பிள்ளைகளுக்கே இது தெரியாது.

அவளுக்கு நான் போட்ட வரிசை இது: 7.5-இல் கிண்டி, அடுத்து ஏசி டெக், அதற்கடுத்து செக்ரி. மெயின் மட்டும் ஜனவரியில் தமிழில் ஒரு தடவை எழுதிப் பார்க்கட்டும், நஷ்டமில்லை. அவள் வரிசையைப் பார்த்துவிட்டு செக்ரியைத் தூக்கி ஏசி டெக்குக்கு மேலே வைத்தாள். "அம்மாவுக்கு நோட்டு யாரு மாமா எழுதுவா?" என்றாள். இது ஒரு காரணமா என்று சண்டை போட்டேன். பாக்கியை மே மாதம் பார்த்துக்கொள்வோம் என்று விட்டுவிட்டோம்.

ஜேஇஇ விண்ணப்பத்தை நேற்று ராத்திரி ஒன்பது மணிக்குப் போட்டோம். செல் நம்பர் அத்தானுடையது. அங்கே சிங்கப்பூரில் மணி பதினொன்றரை. மனுஷன் ஷிப்ட் முடித்து வந்து தூங்காமல் உட்கார்ந்திருந்து ஓடிபியை ஒவ்வொரு எண்ணாக வாசித்தார். கடைசி எண் ஏழா, ஒன்றா என்று கேட்டுக்கொண்டிருக்கும்போதே நேரம் முடிந்து போச்சு. மறுபடியும் அனுப்பச் சொன்னோம்.