12 மணி நேரப் பாடத்துக்கு ஓராண்டுச் சந்தாவா?

மதுரை பைபாஸ் ரோட்டில் காளவாசலிலிருந்து பழங்காநத்தம் போகிற வழியில், ஒரு மாடியில் பெண்களுக்கான தற்காப்புப் பயிற்சி மையம் நடக்கிறது. நானும் பதினொன்றாம் வகுப்புப் படிக்கிற என் மகளும் அங்கே போய்க்கொண்டிருக்கிறோம். குறைகளையும் சொல்லப் போவதால் பெயரை விட்டுவிடுகிறேன். நான் விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறவள். அதனால் குத்து, உதையைப் பார்ப்பதற்கு முன்னால் கட்டண அட்டையைத்தான் பார்த்தேன்.

மாதம் 1,200 ரூபாய். மூன்று மாதம் சேர்த்துக் கட்டினால் 3,000. ஆண்டுச் சந்தா 9,600. இது போக சேர்க்கைக் கட்டணம் 500, டீ-ஷர்ட் 450. ஆண்டுச் சந்தாவைச் சிவப்பு வட்டத்துக்குள் போட்டு ‘மாதம் 800 மட்டுமே’ என்று எழுதியிருக்கிறார்கள். 9,600ஐ 1,200ஆல் வகுத்தால் எட்டு. எட்டு மாதத்துக்கு மேல் விடாமல் வருகிறவருக்குத்தான் அந்தச் சலுகை லாபம். எனக்கு ஆடித் தள்ளுபடியிலும் தீபாவளிக்கு முந்தைய ஒன்றரை மாதமும் கடைதான் வீடு. மகளுக்கு மார்ச்சில் பரீட்சை. சித்திரைத் திருவிழா வாரத்தில் மையத்தையே பூட்டிவிடுவார்கள். கூட்டிக் கழித்துப் பார்த்தால் ஆண்டுச் சந்தா எங்களுக்கு நஷ்டம். மூன்று மாதத் திட்டத்தில் சேர்ந்தோம்.

சந்தாத் தொழில் பணத்தைக் கட்டிவிட்டு வராதவர்களையும் நம்பித்தான் ஓடுகிறது. இது கணக்கு எழுதுகிற எல்லோருக்கும் தெரியும். ஜிம்மில் அது போகட்டும். வராதவருக்குத் தொப்பை குறையாது, அவ்வளவுதான். தற்காப்பு சொல்லித் தருகிறவர் ஆள் வராமல் இருப்பதில் லாபம் பார்க்கக் கூடாது என்பது என் எண்ணம்.

நோட்டீஸில் ‘வரி தனி’ என்று ஒரு வரி இருந்தது. வரவேற்பில் இருந்த பெண்ணிடம் ஜிஎஸ்டி எண் கேட்டேன். “இன்னும் எடுக்கலை மேடம்” என்றாள். சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டாதவரை பதிவு கட்டாயமில்லை, எடுக்காததில் தப்பில்லை. ஆனால் பதிவில்லாதவர் ஜிஎஸ்டி என்ற பெயரில் ஒரு ரூபாய்கூட வாங்க முடியாது. சொன்ன பிறகு மார்க்கரால் அந்த வரியை அடித்துவிட்டார்கள். ‘கட்டிய பணம் எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்படாது’ என்பது மட்டும் இன்னும் இருக்கிறது. அப்படி அச்சடித்துவிட்டால் சட்டம் ஒதுங்கிப் போய்விடும் என்று ஊரில் பாதிப் பேர் நினைக்கிறார்கள். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் ஒருதலைப்பட்சமான ஒப்பந்தத்தையும் எதிர்த்துக் கேட்க வழியிருக்கிறது. 1915க்கு போன் செய்தாலே விவரம் சொல்வார்கள். இன்னொன்று, மாதச் சந்தாவுக்கு யுபிஐ ஆட்டோபே போடச் சொல்கிறார்கள். போடலாம். நிறுத்த வேண்டுமென்றால் அவர்களிடம் போய் நிற்க வேண்டியதில்லை, நம் போனிலேயே ரத்து செய்துவிடலாம்.

சரி, வகுப்புக்கு வருகிறேன். இங்கேதான் எனக்கு மரியாதை வந்தது.

முதல் வகுப்பில் அடிக்கவே சொல்லித் தரவில்லை. கத்தச் சொன்னார்கள். எதிரே ஒருவர் நடந்து வருவார், நாம் இரண்டு கையையும் நெஞ்சுக்கு முன்னால் விரித்து வைத்துக்கொண்டு “நில்லு, கிட்ட வராதே!” என்று அடிவயிற்றிலிருந்து கத்த வேண்டும். கடையில் நாள் முழுக்க சத்தம் போடுகிற எனக்கே குரல் வரவில்லை. என் மகள் சிரித்துவிட்டாள். மாஸ்டர் கோபப்படாமல், “எல்லாரும் மொதல்ல சிரிக்கத்தான் செய்வாங்க பாப்பா. வெளியிலயும் அப்படித்தான் சிரிச்சு சமாளிப்போம். அந்தப் பழக்கத்தைத்தான் இங்க விடப் போறோம்” என்றார்.

அப்புறம் பிளாஸ்டிக் நாற்காலிகளைப் பஸ் சீட் மாதிரி வரிசையாகப் போட்டு, கூட்டத்தில் நிற்கிறபோது பின்னாலிருந்து உரசுகிறவனை எப்படித் திரும்பிப் பார்ப்பது, எப்படி எல்லோருக்கும் கேட்கிற மாதிரி கண்டக்டரைக் கூப்பிடுவது என்று பழக்கினார்கள். சாயங்காலம் பெரியார் நிலையத்தில் பஸ் ஏறுகிற எந்தப் பெண்ணுக்கும் பறந்து அடிக்கிற உதையைவிட இதுதான் முதலில் வேண்டும். ஒருவன் பிடித்த கையை விடுவிக்க, அவன் கட்டைவிரலும் மற்ற விரல்களும் சேருகிற பக்கமாகத் திருப்பி இழுப்பது, உள்ளங்கையின் அடிப்பகுதியால் மூக்கில் இடிப்பது, முழங்கை, முழங்கால் எல்லாம் பிறகு வந்தன. மூடிய முஷ்டியால் குத்தினால் பழக்கமில்லாதவர்களுக்கு விரல் எலும்புதான் உடையும் என்பதால் உள்ளங்கை. பெப்பர் ஸ்பிரே வைத்திருப்பவர்கள் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்க்க வேண்டும் என்பதும் அங்கே கேட்டதுதான்.

பைக்கில் வந்து சங்கிலியை இழுத்தால் என்ன செய்வது என்று என் வயதுக்காரர்கள் எல்லோரும் கேட்டோம். ஏதோ ஒரு பிடி சொல்லித் தருவார் என்று எதிர்பார்த்தோம். “விட்டுருங்கக்கா. பிடிச்சுத் தொங்கினா தலை ரோட்டுல அடிபடும். வண்டி நம்பரைப் பாருங்க, 112க்கு அடிங்க” என்றார். ஐந்து பவுனை விடச் சொல்லித் தருகிற வகுப்புக்கா காசு கட்டினோம் என்று பக்கத்தில் இருந்த அக்கா முணுமுணுத்தார். எனக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, உயர்நீதிமன்ற மதுரைக் கிளையில் வக்கீலாக இருக்கிற ஒரு பெண்மணியை அழைத்து வந்து சட்டம் சொல்ல வைத்தார்கள். பழைய தண்டனைச் சட்டத்தில் 96 முதல் 106 வரை இருந்த தற்காப்பு உரிமை, 2024 ஜூலை 1 முதல் அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரையிலான பிரிவுகளில் இருக்கிறது. தாக்குதலிலிருந்து தப்பிக்க எவ்வளவு தேவையோ அவ்வளவு அடிக்கலாம். அவன் கீழே விழுந்து ஆபத்து நீங்கின பிறகு ஏறி மிதித்தால் அது தற்காப்பில் வராது. பாலியல் வன்முறை, கடத்தல், ஆசிட் வீச்சு மாதிரி சில தாக்குதல்களில் எதிரியின் உயிரே போனாலும் சட்டம் இந்த உரிமையை ஏற்கிறது. வாழ்நாளில் ஒரு தடவையாவது எல்லாப் பெண்களும் கேட்க வேண்டிய ஒன்றரை மணி நேரம் அது.

இப்படிப்பட்ட வகுப்பை நடத்துகிறவர்கள் விளம்பரத்தை மட்டும் ஏன் அப்படிப் போடுகிறார்கள் என்று தெரியவில்லை. பேனரில் இருட்டுச் சந்து, முகமூடி போட்டவன், அலறுகிற பெண். பதிவான பாலியல் வன்புணர்வு வழக்குகளில் பத்தில் ஒன்பதுக்கு மேல் குற்றம்சாட்டப்பட்டவர் அந்தப் பெண்ணுக்குத் தெரிந்தவர் என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைகள் வருஷா வருஷம் சொல்கின்றன. உள்ளே மாஸ்டரும் அதைத்தான் பேசுகிறார். மாமா முறையில் இருக்கிறவர், டியூஷன் சார், கடை சூப்பர்வைசர் என்று பாத்திரம் போட்டு நடிக்க வைக்கிறார். வெளியே பயத்தை விற்கிறார்கள், உள்ளே பயத்தைக் குறைக்கிறார்கள். பேனரை மாற்றினால் நல்லது. இருட்டுச் சந்தைப் படம் பிடிப்பதற்கு முன்னால் மாடிப்படிக்கு ஒரு பல்பு போடலாம். தற்காப்பு கற்றுக்கொண்டு இறங்கி வருகிறவர்கள் போன் டார்ச் அடித்துத்தான் இறங்குகிறோம்.

மற்ற குறைகளைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். உடை மாற்ற ஒரே அறை. வாரநாள் மாலையில் பெண் பயிற்சியாளர் இல்லை, ஞாயிறு மட்டும்தான். பெல்ட் தேர்வு என்று தனியாக 750 வாங்குகிறார்கள், கட்டாயமில்லை. மகளுக்கு மஞ்சள் பெல்ட் வேண்டும், எனக்கு வேண்டாம். இன்ஸ்டாகிராமில் கேட்காமலே வகுப்பு வீடியோவைப் போட்டதில் என் மகள் முகம் தெரிந்தது. சண்டை போட்டு எடுக்க வைத்தேன். இப்போது சேர்க்கைப் படிவத்திலேயே சம்மதம் கேட்கிறார்கள்.

சிலம்பத்தோடு இதை ஒப்பிட்டுப் பலர் கேட்கிறார்கள். எங்கள் தெருப் பிள்ளைகள் வாத்தியாரிடம் மிகக் குறைந்த காசுக்குச் சிலம்பம் பழகுகிறார்கள். உடம்பு வளையும், கண் பழகும், பார்க்க அத்தனை அழகு. ஆனால் கம்போடு யாரும் டவுன் பஸ்ஸில் ஏறுவதில்லை. இரண்டும் வேறு வேறு.

ஒரு நாள் மாஸ்டரிடம் நேராகவே கேட்டேன், அடிப்படையைக் கற்க எவ்வளவு நேரம் ஆகும் என்று. “ஒழுங்கா வந்தா 12 மணி நேரம் போதும்க்கா” என்றார். கனடாவில் நடந்த ஓர் ஆய்வைச் சொன்னார். தேடிப் படித்தேன். 2015ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்தது. மூன்று பல்கலைக்கழகங்களின் முதலாண்டு மாணவிகள் 893 பேர். ஒரு பாதிக்கு மூன்று மணி நேர வகுப்பு நான்கு, மறுபாதிக்குத் துண்டுப் பிரசுரம். ஓராண்டுக்குள் வன்புணர்வுக்கு ஆளானவர்கள் பிரசுரம் பெற்றவர்களில் 9.8 சதவீதம், வகுப்புக்குப் போனவர்களில் 5.2 சதவீதம். அந்த வகுப்பிலும் அடி உதை ஒரு பகுதிதான். ஆபத்தை முன்கூட்டியே அடையாளம் காண்பதும், தெரிந்தவன் என்பதால் வருகிற தயக்கத்தை விடுவதும்தான் மீதி.

மாஸ்டர் 12 மணி நேரம் என்கிறார், உரிமையாளர் ஓராண்டுச் சந்தா விற்கிறார். இரண்டு பேரும் ஒரே மேசையில் டீ குடிக்கிறார்கள். ஆனால் சந்தாவே மோசடி என்று சொல்ல மாட்டேன். கை பழகியது விட்டுப்போகும். வீட்டில் சுவரோடு பழக முடியாது, எதிரில் உயரமும் எடையும் வேறான ஆள் வேண்டும். ஞாயிறு காலைக் கூட்டுப் பயிற்சியில் கல்லூரிப் பெண், நர்ஸ், பூ விற்கிற அம்மா என்று மாற்றி மாற்றிப் பிடித்துப் பழகுகிறோம். சந்தாவில் காசு பெறுமானமுள்ள பகுதி அதுதான். அடிப்படை வகுப்பை ஒரே கட்டணமாக வைத்து, பிறகு ஞாயிறுக்கு மட்டும் மாதம் 300 வாங்குங்கள், யாரும் விட்டுப் போக மாட்டார்கள் என்று உரிமையாளரிடம் சொன்னேன். “அந்தக் காசுல இந்த ரோட்டு வாடகை கட்ட முடியாது மேடம்” என்றார். அதுவும் நியாயம்தான்.

அதனால் வேறு வழி சொன்னேன். எங்கள் கடையிலேயே விற்பனைப் பெண்கள் நிறையப் பேர், பலர் விடுதியில் தங்கியிருப்பவர்கள், சீசனில் கடை அடைக்கப் பத்து மணி ஆகும். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில் பாலியல் புகார்க் குழு வைப்பதும் விழிப்புணர்வு வகுப்பு நடத்துவதும் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி முதலாளியின் கடமை. அதோடு சேர்த்து இந்த 12 மணி நேரத்தையும் கடைகளுக்கு விற்கலாமே? முதலாளியிடம் பேசிப் பார்த்தேன். ஆடி முடியட்டும் என்றார். மையத்தில் தலைக்கு 900 சொல்கிறார்கள். 600க்கு முடிப்பேன் என்று நினைக்கிறேன், படிக்கட்டு பல்பு தனி.