செஸ்ட்நட் நாற்று: கலப்பினமா, மரபணு மாற்றமா?

1904இல் நியூயார்க்கின் பிராங்ஸ் உயிரியல் பூங்காவில் தெரியவந்த பட்டைக் கருகல் என்னும் பூஞ்சை நோய், அரை நூற்றாண்டுக்குள் அமெரிக்காவின் கிழக்குக் காடுகளில் ஏறத்தாழ 400 கோடி செஸ்ட்நட் என்னும் கொட்டை மரங்களைச் சாய்த்துவிட்டது. அந்தக் காட்டை மீட்க இரண்டு வகை நாற்றுகள் களச் சோதனைக்கு வந்தன.

ஒன்று கலப்பினம். நோயைத் தாங்கும் சீன செஸ்ட்நட்டோடு அமெரிக்க மரத்தைக் கலந்து, அப்புறம் தலைமுறைதோறும் அமெரிக்க மரத்தோடே திரும்பத் திரும்பச் சேர்ப்பார்கள். அமெரிக்க செஸ்ட்நட் அறக்கட்டளை 1989இலிருந்து வர்ஜீனியாவின் மெடோவியூ பண்ணையில் இதைச் செய்துவருகிறது. எதிர்ப்புத் திறன் இரண்டு மூன்று மரபணுக்களில் அடங்கிவிடும் என்று எதிர்பார்த்தார்கள். அது பலவற்றில் சிதறிக் கிடக்கிறது. அமெரிக்க இயல்பு கூடக்கூட எதிர்ப்பு குறைகிறது.

மற்றது, கோதுமையின் ஒரே ஒரு மரபணுவைச் சேர்த்த 'டார்லிங்' வகை. பூஞ்சை சுரக்கும் ஆக்சாலிக் அமிலம்தான் பட்டைத் திசுவைக் கொல்கிறது. அந்தக் கோதுமை மரபணு உருவாக்கும் நொதி அந்த அமிலத்தைச் சிதைத்துவிடும். பூஞ்சை சாகாது, அதன் ஆயுதம் மட்டும் பறிபோகும். என்ன அழகான யோசனை! ஆனால் களத்தில் வளர்ச்சி மந்தம், எதிர்ப்பு மரத்துக்கு மரம் வேறுபட்டது. டார்லிங் 58 என்று நட்டவை உண்மையில் டார்லிங் 54 என்ற வேறொரு வரிசை என்பதும் தெரியவர, 2023 டிசம்பரில் அறக்கட்டளை ஆதரவை விலக்கிக்கொண்டது.

இன்றைய நிலையில் என் தேர்வு கலப்பினம்தான். தெற்கே வேரழுகல் நோயும் இந்த மரங்களைக் கொல்கிறது. அதைத் தாங்கும் திறனையும் சீன மரத்திலிருந்தே பெற வழியிருக்கிறது.