ஆடிப்பட்டம் இங்கே இல்லை: இணையக் குறிப்புகளோடு ஓராண்டு

"இட்லி மாவை எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் புளிக்க விடவும். குளிராக இருந்தால் ஓவன் விளக்கைப் போட்டு உள்ளே வைக்கவும்." இதைப் படித்துவிட்டு மலேசியாவின் பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட் பக்கம், எஸ்டேட் தொழிலாளர்களின் ஒரு லைன் வீட்டில் இரவு எட்டு மணிக்கு மாவை மூடி வைத்தால், விடிகாலை பால்மரம் வெட்ட, அதாவது ரப்பர் மரத்தில் பால் எடுக்க, எழுகிறவருக்கு முதல் வேலை அடுப்பு மேடையைத் துடைப்பதுதான். குறிப்பில் பொய் ஒன்றும் இல்லை. 20 டிகிரி சமையலறையில் இருப்பவர் தன் வீட்டுக்கு எழுதியது அது. இங்கே ராத்திரியிலும் வீட்டுக்குள் 27, 28 டிகிரி நிற்கிறது.

இப்படி இணையத்தில் படித்த வீட்டுக் குறிப்புகள் பலவும் ஓர் எஸ்டேட் ஊரில் ஓராண்டு அன்றாடப் புழக்கத்தில் என்ன ஆயின என்பதே இந்தப் பகிர்வு. முதலிலேயே சொல்லிவிடலாம்: குறிப்பில் இருக்கும் காரணம் இங்கேயும் செல்லும், நேரமும் அளவும் செல்லாது.

மாவிலிருந்தே தொடங்கலாம். இட்லி அரிசி நாலு கப், முழு வெள்ளை உளுந்து ஒரு கப், வெந்தயம் ஒரு டீஸ்பூன். இந்த விகிதத்தை மாற்ற வேண்டியதில்லை. மாற்ற வேண்டியது ஊறவைக்கும் இடம். வெளியே ஆறு மணி நேரம் ஊறிய உளுந்தின் தண்ணீரில் இங்கே லேசாகப் புளித்த வாடை வந்துவிடும். நாலு மணி நேரம் போதும், அதற்கு மேல் தேவைப்பட்டால் ஐஸ்பெட்டிக்குள் (ஃப்ரிட்ஜ்). மிக்ஸியில் அரைப்பவர்கள் ஐஸ் தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும். ஜாரின் சூடு மாவில் ஏறினால், மூடி வைக்கும் முன்பே புளிப்பு ஓட ஆரம்பித்துவிடும், உளுந்தும் பொங்காது. உளுந்து மாவு பதமா என்று பார்க்க, ஒரு துளியைத் தண்ணீரில் விடுங்கள். மிதந்தால் போதும்.

உப்பைக் கடைசியில் போடச் சொல்லும் குறிப்புகள் குளிர் ஊருக்குப் பொருந்தும். இங்கே கரைக்கும்போதே போட்டுவிடலாம். உப்பு புளிப்பைக் கொஞ்சம் இழுத்துப் பிடிக்கும். பாத்திரத்தில் பாதிக்கு மேல் ஊற்ற வேண்டாம். சாதாரண ராத்திரியில் ஐந்து முதல் ஏழு மணி நேரம், நவம்பரில் விடாமல் மழை பெய்து குளிரும் நாட்களில் எட்டு அல்லது ஒன்பது. கடிகாரத்தை விட மாவின் முகம் நம்பகமானது. மேல்பரப்பு குடை மாதிரி எழும்பியிருந்து, கரண்டியை ஓரமாக விட்டுத் தூக்கினால் உள்ளே சிலந்திவலை போல ஓட்டை ஓட்டையாகப் பிய்ந்து வந்தால் அதுதான் பதம். நடுவில் குழி விழுந்து, அடியில் தண்ணீர் கோடு தெரிந்தால் தாண்டிவிட்டது. அதை ஊத்தப்பத்துக்கும் பணியாரத்துக்கும் தள்ளிவிட வேண்டியதுதான். மொத்த மாவையும் வெளியே வைக்காமல், காலைக்கு வேண்டியதைத் தனிக் கிண்ணத்தில் வைத்து, மீதியை நாலு மணி நேரத்திலேயே பாதி எழும்பிய நிலையில் ஐஸ்பெட்டியில் ஏற்றுவது ஓராண்டில் மிகவும் கைகொடுத்த திருத்தம். மூன்றாம் நாள் தோசைக்கும் அது கடுக்காது.

கப் என்றதும் ஒரு எச்சரிக்கை. அமெரிக்கச் சமையல் குறிப்பில் வரும் கப் ஏறக்குறைய 240 மில்லி. ரைஸ் குக்கரோடு வரும் கப் 180 மில்லி. அரிசியும் உளுந்தும் ஒரே கப்பில் அளந்தால் விகிதம் கெடாது. ஆனால் அதே குறிப்பில் உப்பும் ஈஸ்டும் ஸ்பூன் கணக்கில் வருகிறதே, அங்கேதான் பிசகும். குக்கர் கப்பில் மாவு அளந்து கேக் செய்து, சோடா கசக்கிறது என்று குறை சொல்பவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் வழுக்கியிருப்பார்கள். 350 டிகிரி என்று போட்டிருந்தால் அது ஃபாரன்ஹீட், நம் ஓவனில் 175 பக்கம்.

அடுத்தது குப்பை உரம். "காய்கறிக் கழிவு ஒரு பங்கு, காய்ந்த இலை இரண்டு மூன்று பங்கு, தினமும் தண்ணீர் தெளிக்கவும்" என்று தமிழ்நாட்டு மாடித்தோட்டக்காரர்கள் சொல்வார்கள். பங்குக் கணக்கு சரி. தண்ணீர் தெளித்தால் இங்கே கூழாகி நாறும். அடியிலும் பக்கத்திலும் விரல் நுழையும் ஓட்டை போட்ட 60 லிட்டர் பிளாஸ்டிக் தோங் (பெரிய குப்பைத்தொட்டி), அதற்கு மேலே ஒரு ஓடு அல்லது ஜிங்க் தகடு, அடியில் இரண்டு செங்கல். இவ்வளவுதான் சாமான். ஒரு பிடி அள்ளிப் பிழிந்தால் ஒன்றிரண்டு சொட்டு விழலாம். ஒழுகினால் காற்று புகவில்லை என்று அர்த்தம், கிழித்த அட்டைப்பெட்டியும் இலையும் போட்டுக் கிளற வேண்டும். மழை மாதத்தில் காய்ந்த இலைக்கு எங்கே போவது? பிப்ரவரி, மார்ச்சில் பால்மரம் இலை உதிர்க்கும்போதே நாலைந்து அரிசிப் பையில் அள்ளிக் கட்டி, நனையாத இடத்தில் போட்டுவிட வேண்டும். இதை எந்த ஊர்க் குறிப்பும் சொல்லித் தராது.

புழு வந்தால் கெட்டுவிட்டது என்று பயமுறுத்தும் குறிப்புகளும் உண்டு. எந்தப் புழு என்று பார்க்காமல் கொட்டிவிடாதீர்கள். தட்டையாக, வளையம் வளையமாக, பழுப்பு நிறத்தில் நெளிவது பிளாக் சோல்ஜர் ஈயின் புழு. கழிவை வேகமாகத் தின்று தீர்த்துவிட்டுத் தானாக வெளியேறிவிடும். சின்னதாக வெள்ளையாக மொய்ப்பது வீட்டு ஈயின் புழு. சோறும் குழம்பும் மூடாமல் கிடக்கிறது என்பதன் அடையாளம், மேலே மூன்று விரல்கடைக்கு இலை போட்டால் அடங்கும். கட்டைவிரல் பருமனில், வெள்ளையாகச் சுருண்டு, பழுப்புத் தலையோடு கிடந்தால் மட்டும் எடுத்து அழித்துவிட வேண்டும். அது காண்டாமிருக வண்டின் குஞ்சு. வளர்ந்தால் தென்னை, செம்பனை (பாமாயில் மரம்) குருத்தைத் துளைக்கும்.

இந்த வண்டு காரணமாகத்தான் செம்பனை வெறுங்குலை விஷயத்திலும் கவனம் வேண்டும். ஆலையில் பழம் உதிர்த்த பிறகு கிடைக்கும் குலையைச் செடியடியில் மூடாக்காகப் போடுவது நல்ல யோசனைதான். ஈரம் காக்கும், பொட்டாசியம் தரும். ஆனால் "அடுக்கடுக்காகக் குவியுங்கள்" என்பதைக் கேட்டுக் குவித்தால், மக்கும் குவியலுக்குள் வண்டு முட்டையிடும். ஒரே அடுக்காகப் பரப்ப வேண்டும், தண்டை ஒட்டாமல் ஒரு சாண் தள்ளி.

"ஆடிப்பட்டம் தேடி விதை" என்பது இணையத்திலும் ஓயாமல் சுற்றும் பழமொழி. இங்கே விதைப்புக்கு ஆடி ஒரு கணக்கே இல்லை. கவனிக்க வேண்டியது அக்டோபர், நவம்பர் மழை. வெண்டையும் கத்தரியும் நாற்றாக இருக்கும்போது அந்த அடைமழையில் சிக்கினால் வேர் அழுகும்.

செடிப் பூச்சிக்கு அடிக்கும் வேப்பெண்ணெய்க் குறிப்பு தேறியது, நேரத்தை மாற்றிய பிறகு. எண்ணெய் 5 மில்லி, பாத்திரம் கழுவும் திரவ சோப்பு 1 அல்லது 2 மில்லி, தண்ணீர் 1 லிட்டர். சோப்பையும் எண்ணெயையும் கொஞ்சம் வெதுவெதுப்பான நீரில் முதலில் குலுக்கி, பால் மாதிரி ஆனதும் மீதித் தண்ணீரை ஊற்ற வேண்டும். தலைகீழாகச் செய்தால் எண்ணெய் மேலே மிதந்து, கடைசித் தெளிப்பில் இலையைக் கருக்கும். பிற்பகல் இடிமழை வந்து ஓய்ந்து இலை உலர்ந்த பிறகு, ஆறரை மணி வாக்கில் அடிப்பதுதான் இங்கே சரி. வெயில் அதன் வீரியத்தைச் சிதைக்கும், மழை கழுவிவிடும். வாரம் ஒரு முறை, இலையின் அடிப்பக்கம்.

எப்சம் உப்பு எல்லா மஞ்சள் இலைக்கும் மருந்தல்ல. கறிவேப்பிலையில் கீழே உள்ள முதிர்ந்த இலை நரம்புக்கு இடையில் மஞ்சளானால் மெக்னீசியம் குறை, 1 லிட்டருக்கு 1 டீஸ்பூன் கரைத்து ஊற்றலாம். நுனிக் கொழுந்து மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்புக் குறை. பெரும்பாலும் அடுப்புச் சாம்பலை அள்ளிக் கொட்டிய தொட்டியில்தான் இது தெரியும். சாம்பலை நிறுத்துவதே வைத்தியம். இப்படிச் சந்தேகம் வரும் குறிப்புக்கெல்லாம் இரண்டு தொட்டி வைத்து ஒன்றுக்கு மட்டும் செய்து, தொட்டியில் டேப் ஒட்டித் தேதி எழுதிவிடுங்கள். ஒரே வாரத்தில் மூன்று குறிப்பை ஒரே செடியில் இறக்கினால், எது பிழைக்க வைத்தது, எது கெடுத்தது என்று யாருக்கும் தெரியாது.

கொசுவுக்கு ஈஸ்ட்டும் சீனியும் போட்ட பாட்டில் பொறி சுத்தமாகத் தேறவில்லை. கவனிக்காமல் விட்டால் அதுவே முட்டையிடும் பாத்திரமாகிவிடும். தண்ணீர் தடைக்குப் பயந்து தொட்டியில் பிடித்து வைக்கும் வீடுகளில் தேய்ப்புதான் வேலை செய்கிறது. டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவின் முட்டை நீர்மட்டக் கோட்டுக்குச் சற்று மேலே கறுப்புப் புள்ளியாக ஒட்டியிருக்கும். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போகாது, காய்ந்து மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். முட்டை கொசுவாகப் பறக்க ஏழு முதல் பத்து நாள் ஆவதால், வாரம் ஒரு தரம் தென்னந்தும்பால் சுவரைத் தேய்த்துக் கொட்டினால் சுழற்சி அறுந்துவிடும். கொட்ட முடியாத தொட்டிக்கு, கொசுப்புழுவைக் கொல்லும் ஏபேட் 1 சதவீத மணல், 10 லிட்டருக்கு 1 கிராம்.

சிங்க் அடைப்புக்குச் சோடாவும் வினிகரும் பார்க்க அழகாக நுரைக்கும், அவ்வளவுதான். இரண்டும் ஒன்றையொன்று தீர்த்துக்கொண்டு மிஞ்சுவது உப்புத் தண்ணீர் போன்ற ஒன்று. அடியில் வாளி வைத்து வளைகுழாயைக் கையால் கழற்றிக் கழுவுங்கள். வினிகர் ஊற்றிய குழாயில் குளோராக்ஸ் (ப்ளீச்) மட்டும் ஊற்றவே கூடாது, குளோரின் வாயு கிளம்பும்.

அரிசி வண்டுக்கு வேப்பிலையும் காய்ந்த மிளகாயும் அரைகுறை. முட்டை அரிசிமணிக்குள்ளேயே இருக்கிறது. 5 கிலோ பையாக வாங்கி, ஃப்ரீசரில் நாலு நாள் வைத்தால் தீரும். எடுத்தவுடன் திறக்கக் கூடாது. இந்த ஈரக் காற்றில் குளிர்ந்த அரிசி வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும், ஒரு நாள் வெளியே கிடந்து சூடு சமமானதும் டப்பாவில் கொட்டலாம்.

கூழ்வற்றலுக்கு "மூன்று நாள் வெயில்" என்று இருக்கும். இங்கே அது ஐந்தாறு அரை நாள். ஜூன், ஜூலையில் அல்லது பிப்ரவரியில், காலை ஒன்பதுக்கு விரித்து இரண்டரைக்கு உள்ளே எடுத்து, ராத்திரி மின்விசிறிக்கு அடியில் விட வேண்டும். மெல்லிசாகப் பிழியுங்கள். நடுவில் ஈரம் நின்ற வற்றல் எண்ணெயில் பொரியாது, பல்லைத்தான் உடைக்கும்.