இரும்பு பேரல் புல்லட், பெங்களூரு, கரி பிடிக்கும் ப்ளக்

வேலூரிலிருந்து கொண்டுவந்த இரும்பு பேரல் புல்லட் 350-ஐ பெங்களூருவில் பல வருடங்களாக ஓட்டுகிறேன். மிக்கார்ப் விஎம்24 கார்புரேட்டர், தீப்பொறிக்கு மின்சாரத்தை வெட்டிவிடும் பிளாட்டினம் பாயிண்ட், கிக்கர் மட்டும். இத்தனை வருடத்தில் இந்த வண்டி கொடுத்த பெரிய தலைவலி ஒன்றுதான்: ரிச்சாக ஓடுவது, அதாவது காற்றோடு பெட்ரோல் தேவைக்கு மேல் கலப்பது. சைலன்சர் வாயில் கரி, சிக்னலில் நின்றால் பெட்ரோல் வாடை, மைலேஜ் லிட்டருக்கு 25-ஐத் தொடாது, டிராஃபிக்கில் அரை மணி நேரம் ஊர்ந்தால் ப்ளக் கறுத்து மிஸ்ஸிங். இப்போது அந்தத் தொல்லை தீர்ந்து, வண்டி நிம்மதியாக ஓடுகிறது. எப்படித் தீர்ந்தது என்பதை விவரமாக எழுதுகிறேன், ஏனென்றால் இதே வண்டியை வைத்துக்கொண்டு ஏர் ஸ்க்ரூவைத் திருகித் திருகியே சலித்துப்போனவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

முதலில் ஊரின் பங்கு. பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேலே இருக்கிறது. காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட இங்கே 8, 9 சதவீதம் குறைவு. ஆக்சிலேட்டர் தூக்கும் ஸ்லைடு எவ்வளவு திறக்கிறதோ அதற்குத் தக்க பெட்ரோலைத்தான் கார்புரேட்டர் விடும், காற்று இளைத்ததில் பாதிதான் அதற்குத் தெரியும். அதனால் அதே ஜெட்டில் (பெட்ரோலை அளந்துவிடும் பித்தளைத் துளை) கலவை 4, 5 சதவீதம் ரிச் ஆகிவிடும். ஊருக்குப் போகும்போது ஓசூர் தாண்டி கிருஷ்ணகிரியில் இறங்கியதும் இன்ஜின் சத்தமே தெளிவாவதை நானே கேட்டிருக்கிறேன். ஆனால் இந்த 5 சதவீதம் மட்டும் ப்ளக்கை இப்படிக் கறுப்பாக்காது. மேடு ஒரு துணைக் காரணம்தான், மூலக்காரணம் வேறு.

கார்புரேட்டரைத் தொடும் முன் இரண்டு விஷயம். ஏர் ஃபில்டர் அடைத்திருந்தால் கலவை ரிச் ஆகும், இங்குள்ள மெட்ரோ வேலைத் தூசிக்கு அது சீக்கிரமே அடைக்கும். அடுத்தது ஸ்பார்க். பிளாட்டினம் தீய்ந்தோ இடைவெளி தவறியோ இருந்தால் தீப்பொறி பலவீனமாகும், சரியான கலவைகூட முழுதாக எரியாமல் ப்ளக்கில் கரியாகப் படியும். 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர் இடைவெளி வைத்து, கண்டென்சரையும் பார்த்துவிட்டு அப்புறம் கார்புரேட்டருக்கு வாருங்கள். ப்ளக்கில் உலர்ந்த கரி என்றால் பெட்ரோல். எண்ணெய்ப் பிசுக்காக மின்னினால் அது ரிங்கோ வால்வ் கைடோ, கார்புரேட்டருக்குச் சம்பந்தமில்லை.

ரிச் என்று பொதுவாகச் சொல்வதில் பயனில்லை. எந்தத் திறப்பில் ரிச் என்பதுதான் கேள்வி. ஆக்சிலேட்டர் பிடியில் ஒரு துண்டு டேப் ஒட்டி, மூடியது, கால், அரை, முக்கால், முழுசு என்று கோடு போட்டுக்கொண்டேன். ஐட்லிங்கிலும் தொடக்கத் திறப்பிலும் பைலட் ஜெட்டும் ஏர் ஸ்க்ரூவும் பேசும். காலிலிருந்து முக்கால் வரை, ஸ்லைடில் தொங்கும் நீடிலும் அது இறங்கும் துளையான நீடில் ஜெட்டும். முக்காலுக்கு மேல்தான் மெயின் ஜெட். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் பழைய மெட்ராஸ் ரோட்டில் ஹோஸ்கோட் தாண்டிப் போய், ஒரே திறப்பில் கொஞ்ச தூரம் ஓட்டி, கிளட்சைப் பிடித்து இன்ஜினை அங்கேயே அணைத்து, ஓரமாக நிறுத்தி ப்ளக்கைக் கழற்றிப் பார்ப்பேன். ஐட்லிங்கில் ஓடவிட்டு அணைத்தால் ஐட்லிங்கின் கரிதான் தெரியும். முழுத் திறப்பில் காப்பித்தூள் நிறம், ஓரளவு சரி. அரைத் திறப்பில் புகைக்கரி. பெங்களூரு டிராஃபிக்கில் முழுத் திறப்புக்கு வேலையே இல்லை, கால் அரையிலேயே நாள் போய்விடும். அதனால்தான் ப்ளக் எப்போதும் கறுப்பாகவே இருந்திருக்கிறது.

ஐட்லிங்கும் கொஞ்சம் ரிச்சாக இருந்தது. அதற்குக் காரணம் சோக். இந்த வகைக் கார்புரேட்டரில் சோக் காற்றை மூடுவதில்லை, தனி வழியாகக் கூடுதல் பெட்ரோலைத் திறந்துவிடும். அந்த வழியை அடைக்கும் பிளஞ்சரின் அடியிலுள்ள ரப்பர் காய்ந்து இறுகிவிட்டால், லீவரை ஆஃபில் வைத்தாலும் உள்ளே கசிந்துகொண்டே இருக்கும். பிளஞ்சரை மாற்றியதும் ஏர் ஸ்க்ரூ திருகினால் கேட்க ஆரம்பித்தது. ஏர் ஸ்க்ரூ என்பதால் வெளியே திருகினால் கலவை லீன் ஆகும், அதாவது பெட்ரோல் பங்கு குறையும். பல்சர் போன்ற வண்டிகளில் இன்ஜின் பக்கம் இருக்கும் மிக்ஸர் ஸ்க்ரூவுக்கு இது நேர் எதிர், குழப்பிக்கொள்ள வேண்டாம்.

அடுத்தது கிண்ணத்தில் பெட்ரோல் மட்டத்தைக் காக்கும் மிதவை, அதாவது ஃப்ளோட். அந்த மட்டத்தைக் கழற்றாமலே பார்த்துவிடலாம். கிண்ணத்தின் அடியிலுள்ள டிரெயினில் உள்ளே இருப்பது தெரியும் ஒரு பிளாஸ்டிக் டியூபை மாட்டி மேலே வளைத்துப் பிடித்தால், உள்ளே பெட்ரோல் எந்த உயரத்தில் நிற்கிறதோ அதே உயரம் டியூபில் தெரியும். கேஸ்கெட் கோட்டுக்கு மேலே ஏறினால் பெட்ரோல் வரும் வழியை அடைக்கும் ஃப்ளோட் நீடில் சரியாக உட்காரவில்லை, அல்லது ஃப்ளோட்டுக்குள் பெட்ரோல் புகுந்திருக்கிறது. அப்படியானால் ஃப்ளோட்டைக் கழற்றிக் காதருகே வைத்துக் குலுக்கினால் உள்ளே சலசலக்கும். என் வண்டியில் மட்டம் சரியாகவே இருந்தது.

இனி முக்கியமான இடம். அரைத் திறப்பில் ரிச் என்றதும் எல்லோரும் செய்வது, நீடிலைப் பிடித்திருக்கும் லாக்கை மேல் காடிக்கு மாற்றி நீடிலை இறக்குவது. அதைச் செய்தும் ப்ளக் வெளுக்கவில்லை. அல்சூரில் நான் வண்டி விடும் தமிழ் மெக்கானிக் அண்ணன் புல்லட்டிலேயே முடி நரைத்தவர். "லாக்கை உச்சியில வச்சும் கரி வருதுன்னா கோளாறு நீடில்ல இருக்காது தம்பி. அது போய் உட்காருற ஓட்டையைப் பாரு" என்றார். ஸ்லைடை உருவிவிட்டு, கீழே மெயின் ஜெட்டைக் கழற்றி, ஒரு மரக்குச்சியால் நீடில் ஜெட்டை மேல்நோக்கித் தள்ளி எடுத்தார். துடைத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பூதக்கண்ணாடியில் காட்டினார். வட்டமாக இருக்க வேண்டிய துளை இன்ஜின் பக்கமாக இழுபட்டு நீள்வட்டமாகியிருந்தது. நீடிலிலும் அதே பக்கம் மட்டும் பளபளவென்று ஒரு நீளமான தேய்மானக் கோடு. உறிஞ்சும் காற்று நீடிலை இன்ஜின் பக்கம் தள்ளுகிறது, ஒற்றை சிலிண்டரின் அதிர்வில் அது பித்தளையை உரசிக்கொண்டே இருக்கிறது, வருடக்கணக்கில். நீடிலின் தடித்த பகுதி துளைக்குள் நிற்கும் கால், அரைத் திறப்பில் பெட்ரோலுக்கு வழிவிடும் வளையம் மயிரிழை அகலம்தான். அங்கே துளி தேய்ந்தாலும் பெட்ரோல் விகிதம் பெரிதாக மாறிவிடும். முழுத் திறப்பில் மெயின் ஜெட் கட்டுப்படுத்துவதால் அங்கே இந்தக் கோளாறு தெரிவதேயில்லை.

நீடிலும் நீடில் ஜெட்டும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும். ரிப்பேர் கிட்டில் பெரும்பாலும் நீடிலும் வாஷர்களும் மட்டும் வரும், நீடில் ஜெட் இருக்காது. பெங்களூருவில் வண்டி உதிரிபாகக் கடைகள் இருக்கும் ஜே.சி. ரோட்டில் கேட்டால் கிடைக்கும், பழையதை கையோடு கொண்டுபோய் அதன் மேல் பொறித்த எழுத்தையும் எண்ணையும் ஒத்துப் பார்த்து வாங்குங்கள். பெயரில்லாத மலிவு ஜெட்களில் எண் ஒன்று இருக்கும், துளை வேறாக இருக்கும். மாற்றி, லாக்கை நடுக் காடியில் வைத்ததும் அரைத் திறப்பில் கரி நின்றது. மைலேஜ் 33, 34-க்கு வந்தது.

மெயின் ஜெட் கதை இன்னும் சுவாரசியம். 90 எண் ஜெட் இருந்ததை மேட்டுக்காகச் சிறிய 85 ஆக்கி நெடுநாள் ஓட்டினேன், நன்றாகவே இருந்தது. அப்புறம் 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் வந்தது. 2023 பிப்ரவரியில் இதே பெங்களூருவில்தான் அதைத் தொடங்கிவைத்தார்கள். சாதாரண பெட்ரோலில் ஒரு பங்கு எரிய 14.7 பங்கு காற்று வேண்டும், எத்தனாலுக்கு 9 போதும். அதனால் 20 சதவீதம் எத்தனால் சேர்ந்தால் பழைய ஜெட்டில் கலவை லீன் ஆகும். பெட்ரோல் பங்க்குகளில் எல்லாம் அதுவே நிரப்ப ஆரம்பித்த பிறகு ப்ளக் வெள்ளையாகி, ஆக்சிலேட்டரை மூடும்போது சைலன்சரில் படபட சத்தம் வந்தது. மீண்டும் 90 போட்டேன், அடங்கிவிட்டது. மேடு கூட்டுவதை எத்தனால் கிட்டத்தட்டக் கழித்துவிடுகிறது. பழைய குறிப்புகளைப் பார்த்து பெங்களூருக்கென்று ஜெட்டைச் சிறிதாக்குபவர்கள் இதைக் கணக்கில் எடுக்க வேண்டும்.

இ20-யின் மறுபக்கம் ரப்பர். பழைய ரப்பரை அது ஊதவைத்து இளக்குகிறது. புதிதாகப் போட்ட சோக் பிளஞ்சர் ரப்பரை இப்போதெல்லாம் சர்வீஸுக்குச் சர்வீஸ் கழற்றிப் பார்க்கிறேன், ஓ-ரிங்குகளையும் கூடவே. வண்டியை நிறுத்தினால் பெட்ரோல் டேப்பை மூடிவிடுகிறேன். ஃப்ளோட் நீடில் கசிந்து பெட்ரோல் இன்ஜின் ஆயிலில் கலந்தால் பேரிங்குக்கே ஆபத்து. ஜெட் அடைத்தால் ஸ்டீல் கம்பி விட்டுக் குத்த நான் எந்தக் கடைக்காரரையும் விடுவதில்லை, பித்தளைத் துளை பெரிதாகிவிடும். கார்புரேட்டர் கிளீனரும் ஏர் பிரஷரும் போதும்.