கோனானின் யானைக் கோபுரம்: மூன்று காமிக்ஸ்களில் எது?

ராபர்ட் இ. ஹோவார்டின் ‘யானைக் கோபுரம்’ சிறுகதை 1933 மார்ச் மாத ‘வியர்ட் டேல்ஸ்’ இதழில் வந்தது. ஸமோரா நாட்டில் திருடர்கள் நிறைந்த ஒரு நகரம். யாரா என்ற மந்திரவாதியின் கோபுரத்தில் இருக்கும் ரத்தினத்தைத் திருட, ஹோவார்ட் படைத்த காட்டுமிராண்டி வீரன் கோனான், இளைஞனாக, ஏறிப் போகிறான். உச்சியில் அவன் பார்ப்பது காவல் பூதத்தை அல்ல. பச்சை உடம்பு, யானைத் தலை, பார்வை பறிக்கப்பட்ட கண்கள், சித்திரவதையில் ஒடிந்த கைகால்கள். யாக்-கோஷா என்ற வேற்றுலக உயிர் அது. அந்தக் குருட்டுக் கண்களிலிருந்து நீர் வழிவதைப் பார்த்ததும், தான் ஒரு பாவமும் செய்யாதவனாக இருந்தும், மனித குலத்தின் குற்றமெல்லாம் தன் தலையில் ஏறிவிட்டது போலக் கோனான் கூசி நிற்கிறான்.

வாளும் மந்திரமும் கலந்த கதைகளில் இப்படி ஓர் இடம் அபூர்வம். இதைக் காமிக்ஸ் ஆக்குபவர்களிடம் நான் முதலில் தேடுவதும் இந்த ஒரு காட்சியைத்தான்.

மார்வெலின் ‘கோனான் தி பார்பேரியன்’ 4ஆம் இதழில், 1971இல், ராய் தாமஸ் எழுத பேரி ஸ்மித் வரைந்தார். ஸ்மித்துக்கு அப்போது 21 வயது. ஒரே இதழுக்குள் முழுக்கதையும் அடங்கவேண்டும் என்பதால் தோட்டத்துச் சிங்கங்கள், திருடர் இளவரசன் டாரஸ், ராட்சதச் சிலந்தி எல்லாம் ஓட்டமாகக் கடந்துவிடுகின்றன. காமிக்ஸ் தணிக்கை விதிகள் இருந்ததால் ரத்தத்துக்கும் கட்டுப்பாடு. ஆனால் ஸ்மித்தின் கோனான் இன்னும் பையன்தான், ஒல்லியானவன். அந்த வயசுப் பையன் இரக்கப்பட்டு நிற்பதை நம்ப முடிகிறது.

அதே ராய் தாமஸ் 1977இல் ‘சாவேஜ் ஸ்வோர்ட் ஆஃப் கோனான்’ 24ஆம் இதழில் கதையைத் திரும்பவும் எடுத்தார். இது கறுப்பு வெள்ளைப் பத்திரிகை. தணிக்கை விதி இதற்கில்லை, இடமும் தாராளம். ஜான் புசேமாவின் பென்சில் படங்களுக்கு மை தீட்டியவர் பிலிப்பைன்ஸ் ஓவியர் ஆல்ஃப்ரடோ அல்காலா. செப்புத் தகட்டில் கீறியது போன்ற மெல்லிய கோடுகளால் இருட்டையே அவர் நெய்துவிடுகிறார். கோபுரத்தைப் பார்க்கவேண்டும் என்றால் இங்கேதான் பார்க்கவேண்டும். குறை என்று பார்த்தால், புசேமாவின் கோனான் மலை மாதிரி இருக்கிறான். அத்தனை தசைக்குள்ளே திகைப்பு அவ்வளவாகத் தெரிவதில்லை.

மூன்றாவது, டார்க் ஹார்ஸ் நிறுவனம் வெளியிட்ட ‘கோனான்’ தொடரின் 20 முதல் 22 வரை மூன்று இதழ்கள். எழுத்து கர்ட் பியூசிக். கேரி நார்டின் பென்சில் ஓவியத்துக்கு மை தீட்டாமல் டேவ் ஸ்டூவர்ட் நேரடியாக நிறம் கொடுத்திருக்கும் தொடர் இது. பக்கங்கள் எண்ணெய் ஓவியம் போல மினுங்கும். மூலக்கதை வாசித்தவர்களுக்கு நிதானமாக ரசிக்க இது போதும், எனக்கும் பிடிக்கும். சரி, அழகு நிறைய இருக்கிறது. யாக்-கோஷாவின் அறையில் மட்டும் அழகு கொஞ்சம் குறைந்திருக்கலாம்.

ஒன்றே ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் 1971ஐ வாங்குங்கள். அவசரமெல்லாம் முதல் பாதியோடு சரி. யாக்-கோஷா பேசத் தொடங்கியதும் ஸ்மித் நிதானமாகிவிடுகிறார்.