இரண்டு மானிட்டரா, ஒரே அகலத் திரையா?

வீட்டுக் கணினியில் திரை போதவில்லை என்றால் மூன்று வழிகள் இருக்கின்றன. இருக்கிற மானிட்டரோடு புதிதாக ஒன்றைச் சேர்க்கலாம். ஒரே மாதிரி இரண்டு வைக்கலாம். அல்லது அல்ட்ராவைடு எனப்படும் 34 அங்குல அகலத் திரை ஒன்றே போதும் என்று விட்டுவிடலாம். மூன்றிலும் மாதக்கணக்கில் வேலை பார்த்திருக்கிறேன். என் வேலை மெய்ப்புத் திருத்துவது. மூலம் ஒரு பக்கம், திருத்தும் பிரதி இன்னொரு பக்கம் என்று நாள் முழுக்கக் கண் அலைந்துகொண்டே இருக்கும். என் தீர்ப்பை அதை மனதில் வைத்துப் படியுங்கள்.

பெரும்பாலோர் தொடங்குவது முதல் வழியில்தான், செலவு குறைவு. நானும் பழைய 24 அங்குல 1080பி மானிட்டருக்குப் பக்கத்தில் 27 அங்குல 4கே ஒன்றை வைத்தேன். பழையதில் ஓர் அங்குலத்துக்குச் சுமார் 92 பிக்சல், புதியதில் சுமார் 163. எழுத்து ஒரே அளவாகத் தெரிய புதியதற்கு மட்டும் ஸ்கேலிங்கை, அதாவது எழுத்தையும் படத்தையும் பெரிதாக்கிக் காட்டும் அமைப்பைக் கூட்டினேன். அப்புறம் ஒரு விண்டோவை இங்கிருந்து அங்கே இழுத்தால் பாதி வழியில் சட்டென்று அளவு மாறும். சில பழைய மென்பொருள்களில் எழுத்து கலங்கிப்போகும். புதியதின் கீழ்ப்பாதியிலிருந்து மவுஸைப் பக்கவாட்டில் தள்ளினால் அம்புக்குறி சுவரில் முட்டியதுபோல நின்றுவிடும். 2160 பிக்சல் உயரத்துக்குப் பக்கத்தில் 1080 மட்டுமே இருப்பதால் அந்த இடத்தில் அதற்குப் போக வழியில்லை. விண்டோஸ் 11-இல் இதைச் சரிசெய்ய ஓர் அமைப்பு உண்டு. நிறத்துக்குத்தான் எனக்கு வழி கிடைக்கவில்லை. அதே வெள்ளைப் பக்கம் ஒன்றில் பால் வெள்ளை, மற்றதில் சந்தனம். மின்னஞ்சல், அரட்டை, பாட்டு எல்லாம் பழையதில் கிடக்கட்டும் என்பவர்களுக்கு இது தாராளமாகப் போதும். இரண்டிலும் மாறி மாறிப் படிப்பவர்களுக்குக் கண் களைத்துவிடும்.

அல்ட்ராவைடு பார்க்க அழகு. நடுவில் சட்டம் கிடையாது, ஒரே கேபிள். வீடியோ எடிட்டிங்கில் டைம்லைன் நீளமாக விரியும்போதும், ஐம்பது பத்திகள் உள்ள கணக்குத்தாளைத் திறக்கும்போதும் இதற்கு நிகரில்லை. அந்த வேலை செய்பவர்கள் தயங்காமல் இதையே வாங்கலாம். எனக்கு ஒத்துவராததற்குக் காரணம் வேறு. இணையவழிக் கூட்டத்தில் முழுத் திரையையும் பகிர்ந்தால் எதிர்முனையில் இருப்பவருக்கு அது ஒல்லியான பட்டையாகத் தெரியும், எழுத்தெல்லாம் எறும்பு அளவு. ஒவ்வொரு முறையும் எந்த விண்டோவைப் பகிர்வது என்று தேட வேண்டியிருந்தது. இரண்டு மானிட்டர் இருந்தால் ஒன்றைப் பகிர்ந்துவிட்டுக் குறிப்புகளை மற்றதில் நிம்மதியாக வைத்துக்கொள்ளலாம். இன்னொன்று, 3440-க்கு 1440 திரையில் சாதாரண அகலத் திரை வீடியோவை முழுதாக ஓட்டினால் இருபக்கமும் 440 பிக்சல் கறுப்புப் பட்டைதான்.

ஆக, எனக்கு ஒரே மாதிரி இரண்டுதான். ஆனால் வைக்கும் விதத்தில் பெரும்பாலோர் செய்கிற தவறை நானும் செய்தேன். இரண்டையும் சமமாக ஒட்டி வைத்து, நடுச்சட்டம் மூக்குக்கு நேரே வரும்படி உட்கார்ந்தேன். கழுத்து எந்நேரமும் ஏதாவது ஒரு பக்கம் திரும்பியே இருந்தது. ஒரே மாதத்தில் தோள்பட்டை வலி வந்துவிட்டது. அதிகம் பார்க்கும் திரையை நேர் எதிரே வைத்து, மற்றதை இடப்பக்கம் கொஞ்சம் சாய்த்ததும் வலி குறைந்தது.

பிறகு அந்த இடப்பக்கத் திரையை நெட்டுக்குத்தாகத் திருப்பினேன். ஏ4 பக்கம் ஒன்று மேலிருந்து அடி வரை அப்படியே தெரிகிறது. மூலத்தைப் படிக்க இதைவிட வசதி எனக்குத் தெரியாது. திரையின் பேனல் ஐபிஎஸ் வகையாக இருந்தால், எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் நிறம் அவ்வளவாக மாறாது, தயங்காமல் திருப்பலாம். டிஎன் என்ற வகைப் பேனலைத் திருப்பினால் தலையைச் சற்று நகர்த்தினாலே நிறம் மாறும். மானிட்டரோடு வரும் ஸ்டாண்டு திரும்பாவிட்டால் மேசையில் பொருத்தும் கை வாங்கலாம். அதற்கு மானிட்டரின் பின்புறம் நான்கு திருகுத் துளைகள் இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். 75 அல்லது 100 மில்லிமீட்டர் இடைவெளியில் சதுரமாக இருக்கும்.

கேபிள் விஷயத்தையும் வாங்குவதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும். தனி கிராஃபிக்ஸ் கார்டு இருந்தால் இரண்டு கேபிளும் அந்தக் கார்டில்தான் போக வேண்டும். ஒன்றை மதர்போர்டு போர்ட்டில் செருகினால் பல கணினிகளில் அந்தத் திரை கறுப்பாகவே இருக்கும். 4கே மானிட்டரை எச்டிஎம்ஐ கேபிளில் இணைப்பதென்றால் அதன் 2.0 பதிப்பு தேவை. பழைய 1.4-இல் நொடிக்கு 30 படங்களுக்கு மேல் வராது, மவுஸ் இழுத்து இழுத்து நகரும். எச்டிஎம்ஐ போல இன்னொரு வகையான டிஸ்பிளேபோர்ட் கேபிளை ஒரு மானிட்டரிலிருந்து அடுத்ததற்குச் சங்கிலிபோல இணைப்பது விண்டோஸில் நடக்கும். மேக்கில் அப்படி இணைத்தால் இரண்டிலும் ஒரே படம்தான் வரும். எம்1 சிப் உள்ள மேக்புக் ஏர் வைத்திருப்பவர்கள் கூடுதல் கவனமாக இருங்கள். அது நேரடியாக ஒரே ஒரு வெளித் திரையைத்தான் ஏற்கும். அவர்களுக்கும் அல்ட்ராவைடையே சொல்வேன்.